வால்வுத் தொற்று: முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு மருந்து

இதய வால்வில் ஏற்கெனவே பழுது உள்ளவருக்கோ செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவருக்கோ காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைகூடக் கொடுப்பதற்கு முன்பே ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறிப்போவதால்தான் வால்வுத் தொற்று பல வாரம் பிடிபடாமல் போகிறது. நான்கைந்து நாள் மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தத்தில் மிதக்கும் கிருமி குறையும்; வால்வில் ஒட்டியிருப்பது சாகாது. மாத்திரை முடிந்த சில நாளில் காய்ச்சல் திரும்பும். அப்போது எடுக்கும் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்றே தெரியாமல் ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டிய நிலை வரும்.

மருத்துவர்கள் இதை இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ் என்பார்கள். நோயாளிக்கும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கும், வார்டில் பணியாற்றும் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவுகளைச் சொல்லியிருப்பது மருத்துவமனையில் நடப்பதைப் புரிந்துகொள்ளவும் கேள்வி கேட்கவும்தான். வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நோய் இல்லை இது. பென்சிலின் வருவதற்கு முன் இது வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இன்றும் மருத்துவமனையிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார்.

ஏன் இவ்வளவு பிடிவாதமான தொற்று

இதயத்தில் நான்கு வால்வுகள். இடப்பக்கம் மைட்ரல், அயோர்டிக். வலப்பக்கம் டிரைகஸ்பிட், பல்மனரி. ஒவ்வொன்றும் மெல்லிய இதழ்களால் ஆனது. இதழின் மேல் வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. அது நன்றாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் ஒட்ட முடியாது. ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வால்வைத் தாக்கும் நோய்) தடித்துப்போன வால்வு, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழோடு அமைந்த அயோர்டிக் வால்வு, கசிகிற மைட்ரல் வால்வு, கீழறைகளுக்கு நடுவே ஓட்டை: இவற்றில் ரத்தம் பீய்ச்சியடித்து அந்த உறையைச் சிராய்க்கிறது. சிராய்த்த இடத்தில் ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் படிகின்றன. ஈறிலிருந்தோ தோலிலிருந்தோ குடலிலிருந்தோ ரத்தத்தில் கலந்த கிருமி அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னொரு அடுக்கு ஃபைப்ரின், அதற்குள் இன்னும் கிருமி. இப்படி வளர்வதைத்தான் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) அறிக்கையில் ‘வெஜிடேஷன்’ என்று எழுதுகிறார்கள். இங்கே படிவு என்று சொல்வோம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்குச் சிராய்ப்பு தேவையில்லை. நல்ல வால்விலும் ஒட்டும், சில நாளிலேயே அதைத் தின்றுவிடும்.

வால்வு இதழுக்கென்று ரத்தக்குழாய்கள் ஏறக்குறைய கிடையாது. அதனால் வெள்ளணுக்கள் படிவின் உள்ளே வந்து சேர்வதில்லை. ஒரு கிராம் படிவில் நூறு கோடிக்கும் மேல் கிருமிகள் அடைந்து கிடக்கும். நெரிசலில் அவை மெதுவாகவே பெருகுகின்றன. பென்சிலின் வகை மருந்துகளோ பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். நரம்பு வழி, அதிக அளவு, நான்கு முதல் ஆறு வாரம், கிருமியின் வளர்ச்சியை நிறுத்துவதோடு நில்லாமல் அதைக் கொல்லும் மருந்து என்ற நான்கு நிபந்தனைகளும் இதிலிருந்து வந்தவை. ஒன்றைத் தளர்த்தினாலும் நோய் திரும்பக்கூடும்.

கேடு மூன்று வழியில் வருகிறது. இதழ் ஓட்டையாகி அல்லது கிழிந்து ரத்தம் பின்னோக்கிக் கசியும், நுரையீரலில் நீர் கோக்கும். படிவின் துண்டு பிய்ந்து மூளை, மண்ணீரல், சிறுநீரகம், கை கால் ரத்தக்குழாய் எங்காவது போய் அடைக்கும். தொற்று வால்வின் வேருக்குப் பரவிச் சீழ் கட்டும். அயோர்டிக் வால்வுக்கு அருகில் அது நடந்தால் இதயத்தின் மின்பாதை அறுந்து துடிப்பு குறையும். வலப்பக்க வால்வில் தொற்று வந்தால் துண்டுகள் நுரையீரலுக்குப் போகும். இருமல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, எக்ஸ்ரேயில் ஆங்காங்கே திட்டுகள் என்று நிமோனியா போலவே தெரியும். போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள், மத்திய நரம்பில் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்த நாளத்தில்) குழாய் வைத்திருப்பவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஆகியோரிடம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்போது சந்தேகப்படுவது

காய்ச்சல் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும். மீதமுள்ள ஒருவர் பெரும்பாலும் முதியவர், அல்லது சிறுநீரகம் பழுதானவர், அல்லது முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர். ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் குளிர் நடுக்கத்தோடு சில நாளில் ஆளைச் சாய்க்கும். வாயில் வாழும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் மெல்ல வாட்டும்: மாலையில் லேசான சூடு, இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைவு, சோகை, விட்டு விட்டு முதுகுவலி. இந்த இரண்டாவது வகையைத்தான் பல வாரம் வேறு வேறு பெயர் சொல்லி மருந்து கொடுத்துக் காலம் கடத்துகிறோம். புதிதாக இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டாலோ பழைய ஒலி மாறியிருந்தாலோ சந்தேகம் வலுக்கும்.

நகத்தடியில் சிலும்பு போன்ற ரத்தக்கோடுகள், விரல் நுனியில் வலிக்கும் சிறு முடிச்சுகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் வலியில்லாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்லும். வலிக்கும் முடிச்சுக்கு வில்லியம் ஆஸ்லரின் பெயர்; 1885-இல் இந்த நோயைப் பற்றி லண்டனில் உரை நிகழ்த்தியவர் அவர். இருந்தால் நல்ல தடயம். ஆனால் பெரும்பாலானவர்களிடம் இவை இருக்காது. இல்லையென்பதால் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

பக்கவாதத்தோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை வால்வைச் சந்தேகியுங்கள். இதை அடித்துச் சொல்கிறோம். சாதாரண பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். வால்வுத் தொற்றிலிருந்து பிய்ந்த துண்டு அடைத்திருந்தால் அந்த ஊசி மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும், அதனால் போடுவதில்லை. பெரிய குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே கம்பி செலுத்தி அடைப்பை எடுப்பதைப் பரிசீலிக்கலாம்.

ரத்த கல்ச்சர் எடுக்கும் முறை

வால்வுத் தொற்றில் கிருமி இடைவிடாமல் ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் உச்சத்துக்கு ஏறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அளவும் சுத்தமும்தான் முக்கியம்.

1. மூன்று செட் எடுக்க வேண்டும். ஒரு செட் என்பது இரண்டு பாட்டில்: ஒன்று ஆக்சிஜன் உள்ள சூழலுக்கு, மற்றது ஆக்சிஜன் இல்லாத சூழலுக்கு. பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 10 மி.லி. ரத்தம். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துக் குறையும்.

2. ஒவ்வொரு செட்டையும் வேறு வேறு இடத்தில் புதிதாகக் குத்தி எடுக்கவும். ஏற்கெனவே போட்டிருக்கும் கேனுலாவிலிருந்தோ மத்திய நரம்புக் குழாயிலிருந்தோ எடுத்தால் குழாயில் குடியிருக்கும் தோல் கிருமி வளர்ந்து குழப்பும்.

3. ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்ஸிடின் கொண்டு தோலைத் தேய்த்து, குறைந்தது 30 வினாடி தானாகக் காயவிடவும். காய்ந்த பிறகு நரம்பை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்கவும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டதால் அது சுத்தமானது என்று அர்த்தமில்லை.

4. பட்டாம்பூச்சி ஊசி என்றால் ஆக்சிஜன் பாட்டிலை முதலில் நிரப்பவும். குழாயில் இருக்கும் காற்று அதில் போனால் கேடில்லை.

5. உடல்நிலை சீராக இருந்தால் செட்டுகளுக்கு நடுவே அரை மணி நேரம் விடலாம். ரத்த அழுத்தம் விழுந்து கொண்டிருக்கிறது என்றால் மூன்றையும் அடுத்தடுத்து எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கவும். இடைவெளிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். இந்த நோயை உறுதிசெய்ய உதவும், 2023-இல் திருத்திய ட்யூக் அளவுகோல்களும் இந்த இடைவெளி நிபந்தனையை எடுத்துவிட்டன.

6. எடுத்த இடத்தையும் நேரத்தையும் பாட்டிலில் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பவும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது.

நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு ரத்தத்தின் அளவு குறைவது. பாட்டிலுக்கு 3 மி.லி. மட்டும் விட்டால் கிருமி வளரும் வாய்ப்பு கணிசமாகக் குறையும். அடுத்த தவறு, ஒரே குத்தலில் எடுத்த ரத்தத்தை ஆறு பாட்டிலுக்கும் பிரித்துவிட்டு மூன்று செட் என்று எழுதுவது. தோல் கிருமியான கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தால் பெரும்பாலும் அசுத்தம். மூன்று தனித்தனிச் செட்டிலும் அதுவே வளர்ந்து, செயற்கை வால்வும் இருந்தால் அது நோய். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தாலும் அசுத்தம் என்று தள்ளிவிடக் கூடாது.

ஐந்து நாளிலும் எதுவும் வளரவில்லையென்றால் முதல் காரணம், முன்பே சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக். நோயாளியும் வீட்டாரும் கடந்த சில வாரங்களில் வாங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவந்து காட்டினால் பெரிய உதவி. அடுத்த காரணம், சாதாரண பாட்டிலில் வளராத கிருமிகள்: கால்நடைகளோடு பழகுபவர்களுக்கு வரும் காக்ஸியெல்லா, பூனையாலும் பேனாலும் வரும் பார்ட்டோனெல்லா. இவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்க வேண்டும். கால்நடை வளர்ப்பு, பூனைக் கீறல் பற்றி மருத்துவர் விசாரிப்பது இதற்காகத்தான்.

எக்கோவும் தீர்மானமும்

நெஞ்சின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோ, சொந்த வால்வில் இருக்கும் படிவுகளில் ஏறத்தாழ 70% மட்டுமே காட்டும்; செயற்கை வால்வில் பாதிதான். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி இதயத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கும் எக்கோ, சொந்த வால்வில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பிடித்துவிடும். ஆகவே சந்தேகம் வலுவாக இருக்கும்போது ‘எக்கோ நார்மல்’ என்ற ஒரு வரியோடு நிற்கக் கூடாது. இரண்டாவது வகை எக்கோவும் நார்மல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். படிவு வளர நாளாகும்.

இரண்டாவது வகைக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு தேவை. கழற்றும் பல்செட்டை எடுத்துவிட வேண்டும். விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாய் அறுவை சிகிச்சை, கல்லீரல் நோயால் உணவுக்குழாயில் வீங்கிய நரம்புகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொண்டையை மரக்கச் செய்திருப்பார்கள். உணர்வு திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறும்.

செயற்கை வால்வின் உலோகம் எக்கோவை மறைக்கும்போது சிடி ஸ்கேன் சீழ்க்கட்டியைக் காட்டும். கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட்-சிடியும் உதவும், ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதத்தில் காயம் ஆறுவதே தொற்றுப் போல ஒளிரும்; கவனமாக வாசிக்க வேண்டும்.

1994-இல் வந்து, 2000-த்திலும் 2023-லும் திருத்தப்பட்ட ட்யூக் அளவுகோல்களைக் கொண்டுதான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். கல்ச்சரும் இதயப் படமும் பெரிய சான்றுகள். ஏற்கெனவே வால்வுப் பழுது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், துண்டு பிய்ந்து அடைத்ததன் அடையாளம், ஆஸ்லர் முடிச்சு போன்றவை சிறிய சான்றுகள். இரண்டு பெரியது, அல்லது ஒரு பெரியதோடு மூன்று சிறியது, அல்லது ஐந்து சிறியது இருந்தால் நோய் உறுதி. ஆய்வுக்கு எழுதிய சட்டகம் இது. கட்டிலில் இருப்பவருக்கு ஒரு புள்ளி குறைகிறது என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

மருந்து: எது, எவ்வளவு, எத்தனை நாள்

கீழுள்ள அளவுகள் பெரியவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்களுக்கு.

பென்சிலினுக்கு நன்றாக அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பென்சிலின் ஜி நாளொன்றுக்கு 1.2 முதல் 1.8 கோடி யூனிட் வரை, நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்து. அல்லது செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் நாளுக்கு ஒரு முறை. சொந்த வால்வுக்கு நான்கு வாரம், செயற்கை வால்வுக்கு ஆறு வாரம்.

மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு க்ளாக்ஸாசிலின் வகை மருந்து நாளுக்கு 12 கிராம், அல்லது செஃபாசோலின் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சொந்த வால்வுக்கு நான்கு முதல் ஆறு வாரம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கல்ச்சர் வருமுன் வான்கோமைசின் தொடங்கியிருப்பார்கள். ‘பெரிய மருந்து’ என்று அதையே தொடர்வார்கள். இந்தக் கிருமிக்கு வான்கோமைசின் க்ளாக்ஸாசிலினைவிட வலுக் குறைந்தது. அறிக்கை கைக்கு வந்த அன்றே மாற்ற வேண்டும். பென்சிலின் அலர்ஜி என்று கோப்பில் எழுதியிருப்பதால் மாற்றத் தயங்குகிறார்கள் என்றால், அந்த அலர்ஜி உண்மையா என்று சோதித்துப் பாருங்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சோதனையில் அலர்ஜி இருப்பதில்லை.

மெதிசிலினுக்கு அடங்காத வகைக்கு வான்கோமைசின், எடையில் கிலோவுக்கு 30 முதல் 60 மி.கி. வரை ஒரு நாளுக்கு, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே. அல்லது டாப்டோமைசின் கிலோவுக்கு 8 முதல் 10 மி.கி. நாளுக்கு ஒரு முறை, தசை நொதியான சிபிகேவை வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டு. வான்கோமைசின் ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் அது வேகத்தின் கோளாறு. வேகத்தைக் குறைத்தால் சரியாகும். அலர்ஜி என்று எழுதி மருந்தை இழந்துவிட வேண்டாம்.

செயற்கை வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் இவற்றோடு ரிஃபாம்பிசினும், முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசினும் சேரும். குறைந்தது ஆறு வாரம். ரிஃபாம்பிசினை முதல் நாளே தொடங்காமல் மூன்று முதல் ஐந்து நாள் பொறுத்து, ரத்தத்தில் கிருமி அடங்கிய பிறகு சேர்ப்பது நல்லது. கிருமி ஏராளமாக இருக்கும்போது கொடுத்தால் எதிர்ப்புப் பெற்றவை பிழைத்துப் பெருகும். ரிஃபாம்பிசின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் வேலையையும் வெகுவாகக் குறைக்கும். சொந்த வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் ஜென்டாமைசின் வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுப்பதைத் தவிர பயன் இல்லை.

என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸுக்கு ஒரு மருந்து போதாது. ஆம்பிசிலின் 2 கிராம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டும் ஆறு வாரம். செஃப்ட்ரையாக்சோன் தனியாக இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேரும்போது கிருமியின் சுவர் கட்டும் புரதங்களை வேறு வேறு இடத்தில் பூட்டுகின்றன. காக்ஸியெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ஒன்றரை ஆண்டு, செயற்கை வால்வென்றால் இரண்டு ஆண்டு. காண்டிடா பூஞ்சை என்றால் மருந்தோடு அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் தேவை.

நாளை எண்ணும் முறையில் பலர் தவறுகிறார்கள். மருந்து தொடங்கிய நாள் முதல் நாள் அல்ல. கல்ச்சரில் கிருமி வளராத முதல் நாள்தான் முதல் நாள். அதற்காகத்தான் மருந்து தொடங்கிய பிறகும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை கல்ச்சர் எடுக்கிறார்கள். இது கோப்பில் இல்லையென்றால் கேளுங்கள்.

நேரமும் அப்படித்தான். பென்சிலின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வது, ரத்தத்தில் அவற்றின் அளவு ஒரு கோட்டுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதிய மருந்தை நள்ளிரவிலும் விடிகாலையிலும் நோயாளி தூங்குகிறார் என்று விட்டுவிட்டுக் காலையில் இரட்டிப்பாகக் கொடுத்தால் ஈடாகாது. இரவு டோஸ்தான் அதிகம் தவறுகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு தாளில் நேரம் குறித்துக்கொள்வது நல்லது.

முழுக் காலமும் ஊசிதானா? டென்மார்க்கில் இடப்பக்க வால்வுத் தொற்றுள்ள 400 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான போயட் ஆய்வு, நிலை சீரான பிறகு இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது ஊசிக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆனால் அதற்கு முன் குறைந்தது பத்து நாள் ஊசி முடிந்திருக்க வேண்டும், காய்ச்சல் அடங்கியிருக்க வேண்டும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி நன்றாக இறங்கியிருக்க வேண்டும், உணவுக்குழாய் வழி எக்கோவில் சீழ் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நான்காம் நாள் காய்ச்சல் நின்றதும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவது வேறு சங்கதி.

தினமும் பார்க்க வேண்டியவை

சரியான மருந்து ஏறினால் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கும். இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணம் தேட வேண்டும்: வால்வைச் சுற்றிச் சீழ், மண்ணீரலில் சீழ், நரம்புக் குழாயிலேயே புதிய தொற்று, மருந்தால் வரும் காய்ச்சல், டோஸ் தவறுதல். குழாயைக் கழுவிய சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் குழாயைச் சந்தேகியுங்கள்.

அயோர்டிக் வால்வு என்றால் தினமும் ஈசிஜி. அதில் பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக எடுக்கும் நேரம்) நீள்வது வால்வின் வேரில் சீழ் கட்டுவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். நோயாளிக்கு எதுவும் தெரியாது. இரண்டு நிமிட வேலை, ஆனால் இதை விட்டதால் இதயத்தின் மின்பாதை அடைபடுவது (ஹார்ட் பிளாக்) திடீரென வந்து நின்றதுண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிஆர்பியும் வாரம் இரு முறை. புதிய தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இடது விலாவின் கீழ் குத்தல், படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். துண்டு பிய்ந்து போகும் ஆபத்து முதல் இரண்டு வாரத்தில்தான் மிக அதிகம். மருந்து ஏற ஏற வேகமாகக் குறையும்.

படிவு கரையட்டும் என்று ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ தொடங்குவது தவறு. ரத்தம் இளக்கும் மருந்து இந்தப் படிவைக் கரைக்காது, மூளையில் கசிவைக் கூட்டும். உலோக வால்வுக்காக ஏற்கெனவே வார்ஃபரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. மூளையில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவக் குழு முடிவு செய்யும்.

கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் வந்தால் பெருங்குடலைக் கொலோனோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். குடல் புற்றுநோயோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பேஸ்மேக்கர் கம்பியில் தொற்று என்றால் பெட்டியோடு கம்பிகளையும் முழுவதும் எடுத்தாக வேண்டும்; வெறும் மருந்தில் அது ஆறாது.

அறுவை சிகிச்சை

ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். தொற்று முழுவதும் ஆறிய பிறகு செய்யலாம் என்று காத்திருப்பது பழைய பழக்கம். இதயம் திணறும்போது அந்தக் காத்திருப்பே ஆளைக் கொல்லும். வால்வு கிழிந்து நுரையீரலில் நீர் கோத்து, ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள். சீழ்க்கட்டி, பூஞ்சை, சரியான மருந்து ஒரு வாரம் ஏறியும் அடங்காத கல்ச்சர் என்றால் சில நாளுக்குள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் படிவு இருந்து, மருந்து ஏறும்போதே ஒரு துண்டு பிய்ந்திருந்தாலும் சில நாளுக்குள். மூளையில் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால் வழக்கமாக ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள். கசிவில்லாத சிறு பக்கவாதம் என்றால் அதைச் சொல்லித் தள்ளிப்போட வேண்டியதில்லை. இதய அறுவை வசதி இல்லாத மருத்துவமனையில் சேர்த்திருந்தால், நிலைமை மோசமாகும் முன்பே அந்த வசதி உள்ள இடத்தோடு பேசி வைப்பது அவசியம்.

வெட்டியெடுத்த வால்வை முழுவதும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. திசு ஆய்வுக்கு மட்டும் ஃபார்மலின். கல்ச்சருக்கும் பிசிஆருக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) ஃபார்மலின் படாத துண்டு தனித்தனிக் குப்பியில் போக வேண்டும். கல்ச்சர் வளராத நோயாளிக்குக் கிருமியின் பெயர் தெரிய இது கடைசி வாய்ப்பு. எடுத்த வால்வின் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால், அறுவை நடந்த நாளிலிருந்து முழுக் காலமும் மறுபடி தொடங்கும்.

முடிந்த பிறகும், வராமல் தடுக்கவும்

மருந்து முடியும்போது எடுக்கும் எக்கோதான் இனி ஒப்பிடுவதற்கான அளவுகோல், அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். முதல் ஆண்டில் 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் பரிசோதனை. இடையில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் எதுவும் வாங்காமல் நேராகக் கல்ச்சருக்குப் போக வேண்டும். சாதாரண சளிக்காய்ச்சல் என்று வேறொரு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினாலும், ‘எனக்கு வால்வுத் தொற்று வந்திருக்கிறது, முதலில் கல்ச்சர் எடுங்கள்’ என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூட வாய்க் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. ஈறு வீங்கி ரத்தம் வடிந்தால் இன்னும் அதிகமாக. ஆகவே பல் மருத்துவருக்கு முன் விழுங்கும் ஒரு வேளை மாத்திரையைவிட, தினம் இரு முறை பல் துலக்குவதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுவதும் அதிகம் காக்கும் என்பது எங்கள் கணிப்பு. தோலில் கொப்புளத்தைக் கிள்ளுவது, பச்சை குத்துவது, உடலில் துளையிட்டு அணிகலன் மாட்டுவது வேண்டாம்.

மாத்திரை தேவைப்படுபவர்கள் குறைவு: முன்பு வால்வுத் தொற்று வந்தவர்கள், செயற்கை வால்வோ வால்வைச் சீராக்கச் செயற்கைப் பொருளோ வைத்தவர்கள், நீலம் பாரிக்கும் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள். ருமாட்டிக் வால்வுப் பழுதைச் சில நாடுகளின் வழிகாட்டிகள் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. உங்கள் இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, ஈறுக்கடியில் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கு மட்டும் மாத்திரை. பல் எக்ஸ்ரேக்கும், தானாக விழும் பால் பல்லுக்கும் வேண்டாம்.

அளவு: அமாக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே முறை. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 50 மி.கி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. கிளின்டாமைசினை அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஒரே வேளையில்கூட அது கடுமையான குடல் தொற்றைக் கிளப்பியதுண்டு. ருமாட்டிக் காய்ச்சலுக்காக மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவருக்கு அந்த ஊசியே இதற்கும் போதும் என்று எண்ண வேண்டாம்; அவர் வாயில் பென்சிலினுக்கு அடங்காத கிருமி குடியிருக்கலாம், ஆகவே வேறு வகை மருந்து வேண்டும். மாத்திரையைப் போட மறந்து பல்லையும் பிடுங்கியாகிவிட்டால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம்.